பழைய நம்பர்க்காரர்

எடுத்துப் பாத்துருங்க அக்கா. ரெண்டாவது தடவையா மெசேஜ் மணி அடிக்குது உங்க பையில. விளம்பரமாத்தான் இருக்கும்னு விட்றாதீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இல்ல, நான் அப்படிக்கூட இல்லீங்க. எனக்கு மெசேஜே வரல. வராததே நல்லதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தா ஏதோ தப்பு நடந்திருக்கு, வரலைன்னா எல்லாம் சரியா இருக்கு, அப்படித்தானுங்களே? ஒன்றரை வருசத்துக்கு மேல அந்த நெனப்புலயே நிம்மதியா இருந்தனுங்க.

என்ன, ரீசார்ஜ் பண்ணச் சொல்றானா? சரி விடுங்க. ஆனாப் பாக்கணும்.

நீங்க இந்தப் பஸ்ல கரூர் வரைக்குங்களா? நான் தாராபுரம் வரைக்கும்தான். லைனிங் துணி எடுக்கப் போறேன். உடுமலையை விட அங்க மீட்டருக்கு ரெண்டு ரூபா கம்மின்னு சொன்னாங்க. இருபது மீட்டர் எடுத்தா நாப்பது ரூபா மிச்சம். டிக்கெட்டா? போக வர எழுபது ஆகுமுங்க. இருந்தாலும் துணி நல்லா இருக்குமாம்.

யாரு சொன்னாங்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லணும்னா பேங்க் கதையில இருந்து ஆரம்பிக்கணும். ஜன்னலை மட்டும் கொஞ்சம் இறக்கி விட்டுக்கலாங்களா, காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

நான் டெய்லருங்க. பேரு வசந்தாமணி. சந்தைக்குப் பக்கத்துல கடை. ப்ளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம். வீட்டுக்காரர் தவறிப் போயி ஒம்பது வருசம் ஆச்சு. பொண்ணு தாரணி கோயமுத்தூர்ல நர்சிங் படிக்கிறா, ஹாஸ்டல்ல இருக்கறா. இந்த ஒம்பது வருசத்துல ஒருத்தர் வாசல்ல போயி அஞ்சு பைசா கேட்டு நின்னதில்லீங்க. கடை வாடகை ஒண்ணாந்தேதி. கரண்டு பில்லு வந்த அன்னைக்கே. அப்படி இருந்த என் பேரை அந்த பேங்க்ல மைனஸ்ல போட்டு வச்சிருந்தாங்கன்னா எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

எந்த பேங்குன்னு மட்டும் கேக்காதீங்க. இப்ப அவங்களோட நான் நல்லாப் பழகிட்டேன். பேரைச் சொன்னா நல்லா இருக்காது.

துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மிசின் ஒண்ணு தவணையில எடுத்திருந்தேன். மாசம் ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது. அஞ்சாந்தேதி ஆனா கணக்குல இருந்து அதுவாப் போயிரும். நான் மூணாந்தேதியே போயி, சரியா ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பதைக் கட்டிட்டு வந்துருவேன். அதுக்கு மேல ஒரு ரூபா கட்ட மாட்டேன். ஏற்கெனவே கணக்குல ஒரு பன்னெண்டு ரூபா கெடந்துச்சு, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டிருந்தேன்.

இந்தத் தை மாசம் என்ன பண்ணியிருக்காங்க, மெசேஜ் அனுப்புற செலவுன்னு பதினேழு ரூபா எழுபது காசு எடுத்திருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுப்பாங்களாம். அதை எடுத்ததுல தவணைக்கு அஞ்சு ரூபா எழுபது காசு குறைஞ்சு போச்சு. குறைஞ்சா என்ன பண்ணோணும்? "வசந்தாமணியம்மா, ஆறு ரூபா குறையுது, கொண்டாந்து போடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா ஓடிப் போயிப் போட்ருக்க மாட்டனா? கடைக்கும் பேங்குக்கும் இருநூறு அடிங்க! அவங்க என்ன பண்ணாங்க, அந்த அஞ்சு ரூபா எழுபது காசை அவங்களே போட்டுத் தவணையைக் கட்டிட்டாங்க. கட்டிட்டு, அப்படிக் கட்டுனதுக்குன்னு ஐநூத்தித் தொண்ணூறு ரூபாயை என் பேர்ல எழுதிட்டாங்க.

அதுக்குப் பேரு ஓவர்டிராஃப்டாம். நான் கேட்டனா?

அடுத்த மாசம் நான் பழையபடி கணக்காக் கட்டறேன். அந்தக் காசு முதல்ல மைனஸ்ல போயி விழுகுது. தவணைக்கு மறுபடி குறையுது. மறுபடி அவங்களே போடறாங்க. மறுபடி ஐநூத்தித் தொண்ணூறு. தையில ஒண்ணு, மாசியில ஒண்ணு, பங்குனியில ஒண்ணு. ஆயிரத்து எழுநூத்தி எழுபது ரூபாங்க, வெறும் ஆறு ரூபாய்க்கு! சித்திரையில மறுபடி மெசேஜ் செலவு பதினேழு ரூபா எழுபது காசு வேற.

நானும் அவசரத்துக்குத் தைச்சா நூறு ரூபா சேத்துத்தான் வாங்குவேன். இல்லைங்கல. ஆனா சொல்லித்தான் வாங்குவேன். சில சமயம் வாங்கும்போது சொல்லுவேன்.

இது எதுவுமே எனக்குத் தெரியாதுங்க. சித்திரை நடுவுல ஒரு நர்சரி ஸ்கூல்ல அறுபது செட் யூனிஃபார்ம் கொடுத்தாங்க. மூணு வருசமா வேற ஆள்கிட்டப் போயிட்டு இருந்த ஆர்டர். நடையா நடந்து வாங்கினேன். அஞ்சாயிரம் அட்வான்ஸ் கணக்குல போட்டுட்டோம்னாங்க. அதை எடுத்துட்டு மறுநாள் ஈரோடு போயித் துணி எடுக்கோணும். பேங்க்ல சீட்டு எழுதி நீட்டறேன், கவுண்டர்ல அருள்வேந்தன்னு ஒரு தம்பி, "அம்மா, அவ்வளவு இல்லையே"ங்கறான்.

"எப்படித் தம்பி? நேத்துத்தானே அஞ்சாயிரம் விழுந்துச்சு?"

"விழுந்துச்சும்மா. உங்க கணக்கு மைனஸ்ல இருந்துச்சு, அதுக்குப் போயிருச்சு."

"என்ன மைனஸு?"

கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டனுங்க. வரிசையில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. எங்க பக்கத்துக் கடைப் பூக்காரம்மா வேற நிக்கறாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. என்னமோ நான் கடன் வாங்கிட்டு ஓடி ஒளிஞ்ச மாதிரி.

அவன் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொல்றான், "ஒவ்வொரு தடவையும் மெசேஜ் அனுப்பியிருக்கோம்மா. நீங்க பாக்கலையா? கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தி மூணு."

நாப்பத்தி மூணா! அது என் பழைய நம்பருங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆவணியில பழனி போயிட்டு வரும்போது பஸ்ல போனைத் தொலைச்சுட்டேன். புது நம்பர் வாங்கினேன். நம்பரை மாத்தச் சொல்லி உடனே பேங்க்ல ஃபார்ம் எழுதிக் கொடுத்துட்டனுங்க. உடனேன்னா, அடுத்த ஆடியில. நடுவுல தீபாவளி வந்துருச்சு, பொங்கல் வந்துருச்சு, டெய்லர் தொழில்ல பண்டிகை வந்தா மத்த நெனப்பே இருக்காது. எப்பக் கொடுத்தா என்ன, கொடுத்தது கொடுத்ததுதானே?

"ஃபார்ம் வந்த மாதிரியே இல்லையேம்மா. சீல் போட்ட துண்டுச் சீட்டு வச்சிருக்கீங்களா?"ங்கறான். நான் எங்க போறது? என் கையில துண்டுச் சீட்டு எது கிடைச்சாலும் அதுல யாரோட அளவாச்சும் எழுதிருவேன். தைச்சு முடிச்சதும் குப்பைக்குப் போயிரும்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். "எந்த மவராசன் என் மெசேஜைப் படிச்சுட்டு உக்காந்திருக்கான்னு இப்பவே கேக்கறேன்"னு அங்கயே நின்னு, என் நம்பருக்கு நானே போன் போட்டேன்.

ஒரே மணியில எடுத்துட்டாங்க. ஆம்பளைக் குரலு. பின்னாடி லாரி சத்தம்.

"யாருங்க?"

"நான் யாருங்கறது இருக்கட்டும், நீங்க யாரு? இது என் பழைய நம்பரு."

லாரி சத்தம் கொஞ்சம் தள்ளிப் போச்சு. அப்பறம் மெதுவா, "வசந்தாமணிங்களா?"ன்னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. "ஆமா"ன்னேன்.

"அப்பாடா! நல்லா இருக்கீங்களா? நேத்து அஞ்சாயிரம் வந்துச்சுங்களே, பாத்தீங்களா? அதுல மைனஸ் போக மூவாயிரத்து இருநூத்தி ஆறு ரூபா அறுபது காசு இருக்குதுங்க. அதை இன்னைக்கே எடுத்துருங்க. இல்லைன்னா அஞ்சாந்தேதி மறுபடி ஏதாச்சும் பண்ணிருவாங்க."

நான் போனைக் காதுல இருந்து எடுத்து அருள்வேந்தன்கிட்டக் கேக்கறேன், "தம்பி, என் கணக்குல எவ்வளவு இருக்கு?" அவன் பாத்துட்டு, "மூவாயிரத்து இருநூத்தி ஆறு ரூபா அறுபது காசு"ங்கறான். பாத்தீங்களா!

அவரு பேரு நாச்சிமுத்து. தாராபுரத்துல எடை மேடையில வேலை. லாரி வந்து நிக்கும்ல, தேங்கா, மக்காச்சோளம் ஏத்திட்டு, அதை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கறது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்பரைப் பாக்கறதுதான் பொழப்பு. அவரு போன வருசம் சித்திரையில புது சிம் வாங்கியிருக்காரு, கம்பெனிக்காரன் என் நம்பரைத் தூக்கி அவருக்குக் கொடுத்துட்டான். அன்னையில இருந்து என் பேரு போட்ட மெசேஜ் பூரா அவருக்குத்தான். ஒண்ணைக் கூட அழிக்கலைங்க. "அடுத்தவங்க சமாச்சாரம், நாம எப்படி அழிக்கறது?"ன்னாரு.

மைனஸ் ஆனதும் மனுசன் சும்மா இல்லீங்க. தாராபுரத்துல இருக்கிற அதே பேங்க் கிளைக்குப் போயி, "ஒரு அம்மா கணக்குல என்னமோ தப்பு நடக்குது, அவங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காரு. "அது உங்க கணக்கா? இல்லைல்ல? கிளம்புங்க"ன்னுட்டாங்களாம். அந்தக் குறைஞ்ச காசை நாமே கட்டிரலாமான்னுகூடப் பாத்திருக்காரு. மெசேஜ்ல கணக்கு நம்பர் முழுசா வராதாம், கடைசி நாலு எண்ணுதான் வருமாம். "அஞ்சாந்தேதி நெருங்குனாலே எனக்கு வெசனமாயிருமுங்க"ன்னாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு என்ன ஒரு கவலை பாருங்க. சில பேருக்குக் கணக்குன்னா அப்படி ஒரு பைத்தியம்.

இன்னொண்ணு கேளுங்க. என் கடை போர்டுல பழைய நம்பர்தான் இருக்கு. மாத்தி எழுத எண்ணூறு ரூபா கேட்டான், விட்டுட்டேன். அதைப் பாத்து ஒரு வருசமா ஆளுக அவருக்குப் போன் பண்ணியிருக்காங்க, "என் ப்ளவுஸ் ஆயிருச்சுங்களா?"ன்னு. ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயி, கடைசியில, "செவ்வாய்க்கிழமை வாங்கம்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாராம். அந்த டெய்லரும் இந்த வசந்தாமணியும் ஒரே ஆளுன்னு அன்னைக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுதாம். ஏனடா செவ்வாய்க்கிழமையானா கடையில கூட்டம் நெரியுதுன்னு நான் யோசிச்சிட்டு இருந்தனுங்க! கோயிலுக்குப் போற நாளாச்சே, அப்படியே வர்றாங்கன்னு நெனச்சேன்.

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஆர்டர் கையை விட்டுப் போயிருமோன்னு ஒரே பயம். துணிக்குப் பத்தாத காசுக்கு என் கம்மலை அடகு வச்சேன். ஒம்பது வருசத்துல முதல் தடவை. அடகுக்கடையில பேரு, ஊரு கேட்டு எழுதறாங்க, எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அன்னைக்கு ராத்திரி தாரணிகிட்டக் கூடச் சொல்லல. அவருகிட்டத்தான் சொன்னேன், மறுநாள் போன் பண்ணியிருந்தாரு, ஏதோ வாய்ல வந்துருச்சு. எவ்வளவுக்கு வச்சீங்கன்னு கேட்டாரு. அப்பறம், "அந்தக் காசை வாங்காம விடக்கூடாதுங்க"ன்னாரு. "வியாழக்கெழமை நான் லீவு போட்டுர்றேனுங்க. போனை எடுத்துட்டு வர்றேன்."

வந்தாரு. வெள்ளைச் சட்டை, போனை ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, அதை ஒரு மஞ்சப் பையில போட்டுக் கொண்டாந்தாரு. அம்பது வயசு இருக்கும். ஒல்லியா, உசரமா. பேசறதுக்கு முன்னாடி ஒருக்கா தொண்டையைச் செருமிக்குவாரு.

மேனேஜரம்மா பேரு கல்பனாதேவி, சேலத்துக்காரங்க. நல்ல மாதிரிதான், ஆனா பிடி கொடுக்கல. "அம்மா, கணக்குல எப்பவும் கொஞ்சம் காசு வைக்கணும். நம்பர் மாறினா எழுதிக் கொடுக்கணும். நீங்க எழுதிக் கொடுத்ததுக்கு எங்ககிட்ட எதுவும் இல்லையே. எதை வச்சு நான் மேல கேக்கறது?"

நான் சத்தம் போடலாம்னு வாயைத் தொறக்கறேன், இவரு தொண்டையைச் செருமிட்டு, "ஒரு நிமிசங்க"ன்னு போனை எடுத்தாரு. ஒவ்வொரு மெசேஜா மேல தள்ளிட்டே போறாரு. பங்குனி, மாசி, தை... போன ஆடி வரைக்கும் போயி நிறுத்தி, போனை மேனேஜரம்மா பக்கம் திருப்பி வச்சாரு.

"கைபேசி எண்ணை மாற்றக் கோரும் தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது." தேதி இருக்கு. விண்ணப்ப நம்பர் இருக்கு. நம்பரை மாத்துங்கன்னு நான் கொடுத்த ஃபார்முக்கு, வந்து சேர்ந்துச்சுன்னு பழைய நம்பருக்கே மெசேஜ் அனுப்பியிருக்காங்க!

மேனேஜரம்மா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. அருள்வேந்தனைக் கூப்பிட்டாங்க. அவனும் படிச்சான். அப்பறம் மேனேஜரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "மன்னிச்சிருங்கம்மா. எங்க தப்புதான்"னாங்க.

அந்த வார்த்தைக்கே எனக்குப் பாதிக் காசு வந்த மாதிரி ஆயிருச்சு. நாலு பேருக்கு முன்னாடி மைனஸ்னு சொன்னாங்களே, அதே இடத்துல தப்பு எங்களோடதுன்னு சொல்றாங்க. பூக்காரம்மா அன்னைக்கு அங்க இல்லாமப் போயிட்டாங்களேன்னுதான் இருந்துச்சு.

உடனே காசு கொடுத்துற மாட்டாங்க. லெட்டர் எழுதோணும், அதை மேல அனுப்போணும், முப்பது நாள் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள பதில் இல்லைன்னா ரிசர்வ் பேங்க்ல குறைதீர்க்கறவங்ககிட்ட எழுதலாம்னு அவங்களே வழியும் சொன்னாங்க. லெட்டரை இவருதான் எழுதினாரு. எடைச் சீட்டு மாதிரியே மூணு கட்டம் போட்டுட்டாருங்க. பிடித்த தொகை, பிடிக்க உரிமையுள்ள தொகை, திருப்பித் தர வேண்டிய தொகை. நடுக் கட்டத்துல பெருசா ஒரு சைபர்.

மத்தியானம் ஆயிருச்சு. ஓட்டல்ல போயிச் சாப்பிடறேன்னாரு. நமக்காக வந்த மனுசனை அப்படி விடறதுங்களா? காலையில ஆக்குன அரிசிம்பருப்பு சாதம் இருந்துச்சு, கடையிலயே இலை போட்டுக் கொடுத்தேன். வழக்கத்தை விடக் கொஞ்சம் நெய்யி கூட விட்டேன். இலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு, "பன்னெண்டு வருசமா மெஸ்ஸுல சாப்பிடறேனுங்க"ன்னாரு. சம்சாரம் தவறிட்டாங்களாம், குழந்தை குட்டி இல்ல. பாவம். மெஸ் சாப்பாடு எல்லாம் உடம்புக்கு ஆகாதுங்க.

பூக்காரம்மா எட்டிப் பாத்துட்டு, "யாரு, சொந்தமா, ஒறம்பரைங்களா?"ங்கறாங்க. "இல்லீங்க, என் பழைய நம்பர்க்காரரு"ன்னேன். அவங்களுக்குப் புரியல. ஒறம்பரைக்குப் போடற மாதிரி வடைக்கு ஆள் அனுப்பிட்டாங்க.

அடுத்த வாரம் மேனேஜரம்மா, அந்த நம்பரு அவருக்கு எப்பக் கிடைச்சுதுன்னு போன் கம்பெனி பேப்பர் வேணும்னாங்க. படம் புடிச்சு அனுப்பினாப் போதும்னு தெளிவாத்தான் சொன்னாங்க. நானும் அவருகிட்ட அப்படியே சொன்னேன். இவரு நேர்லயே வந்து நிக்கறாரு. "படம் சரியா விழுகாதுங்க, நேர்ல கொடுத்தாத்தான் மதிப்பு"ங்கறாரு. நாப்பது கிலோமீட்டருங்க! அந்தக் காலத்து ஆளு, செல்போன்ல நம்பிக்கை இல்ல போலிருக்கு. அன்னைக்கும் சாப்பாடு போட்டேன்.

முப்பது நாளும் தினம் ஒரு போனு. காலையில எட்டு மணிக்குக் கரெக்டா வரும். "ஏதாச்சும் தகவல் வந்துச்சுங்களா?" எனக்கு வராதே, மெசேஜ் அவருக்குத்தானே போகும், நம்பரை இன்னும் மாத்தலையே! அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கேப்பாரு. நான், "இல்லீங்க, உங்களுக்கு?"ம்பேன். "இல்லீங்க"ம்பாரு. அப்பறம் என்ன சமையல், எத்தனை ப்ளவுஸு, தாரணிக்குப் பரீச்சை எப்படின்னு கேட்டுட்டு வச்சிருவாரு. ஒருநாள் எட்டேகால் வரைக்கும் போன் வரல. எனக்கு ஊசியில நூல் கோக்க வரமாட்டேங்குதுங்க. என்னன்னு கேட்டா, கரண்டு இல்லாமப் போன் அணைஞ்சு போச்சாம். சொல்லிட்டு அணைய வேண்டாமா?

யூனிஃபார்ம் அறுபது செட்டும் சொன்ன தேதிக்குக் கொடுத்துட்டேன். மீதிக் காசு வந்துச்சு, கம்மலை மீட்டுட்டேன். இதோ, காதுல இருக்கறது அதுதான். பேங்க் காசுதான் பாக்கி.

மேல இருந்து பதில் வந்துச்சு. ஆயிரத்து எழுநூத்தி எழுபதையும் திருப்பித் தர்றோம்னு. மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க. அன்னைக்கும் அவரு வந்திருந்தாரு, எதுக்கு வந்தாருன்னு ஞாபகம் இல்ல. நான் சொன்னேன், "அது சரிங்க, அந்த மெசேஜ் செலவு? பதினேழு ரூபா எழுபது காசு, ஆடிக்கு அப்பறம் மூணு தடவை எடுத்திருக்கீங்க. அம்பத்து மூணு ரூபா பத்துக் காசு. எனக்கு வராத மெசேஜுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கோணும்?"

மேனேஜரம்மாவுக்குக் கொஞ்சம் தலைவலியே வந்துருச்சு. "மெசேஜ் போயிருக்கேம்மா. படிச்சும் இருக்காங்களே"ங்கறாங்க.

இவரு தொண்டையைச் செருமறாரு. சட்டைப் பையில இருந்து அம்பது ரூபா நோட்டு ஒண்ணு, அஞ்சு ரூபா காசு ஒண்ணு எடுத்து மேசை மேல வைக்கறாரு. "படிச்சது நானுங்க. அந்தச் செலவு என்னோடதாவே இருக்கட்டும். ஒரு வருசம் படிச்சிருக்கேன், காசு கொடுத்தும் படிச்சிருப்பேன்"னாரு.

மேனேஜரம்மா அவரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அப்பறம் வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. என்ன சிரிப்புன்னு தெரியல. "காசை எடுங்க சார், அதையும் சேத்தே போட்டுர்றேன்"னுட்டாங்க. நேர்மையா ஒரு ஆளு பேசினா பேங்க்ல எப்படி மதிக்கறாங்க பாருங்க.

காசு விழுந்த மெசேஜும் அவருக்குத்தான் போச்சு. நான் கடையைத் தொறந்துட்டு இருக்கேன், போனு. "வந்துருச்சுங்க! ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தி மூணு ரூபா பத்துக் காசு!"ன்னு கத்தறாரு. லாரிக்காரங்க எல்லாம் ஹாரன் அடிக்கறாங்க, எடைச் சீட்டுக்கு நிக்கறாங்களாம். இவரு என்கிட்ட மெசேஜை முழுசாப் படிச்சுக் காட்டறாரு. நானும் கத்தினேன். பூக்காரம்மாவும் கத்தினாங்க. அந்தக் காசுல பூக்காரம்மாவுக்கும், அருள்வேந்தனுக்கும், மேனேஜரம்மாவுக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு அரைக்கிலோ தனியா எடுத்து வச்சேன்.

அடுத்த வாரமே நம்பரையும் மாத்திட்டாங்க. இப்ப மெசேஜ் எல்லாம் எனக்கே வருது. ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்றாரு, குரலே இல்ல. "இப்பவெல்லாம் போனே அடிக்க மாட்டேங்குதுங்க"ங்கறாரு. ரிப்பேரா இருக்கும், கடையில காட்டுங்கன்னேன். "காட்டினாலும் சரியாகாதுங்க"ன்னாரு. அவ்வளவு மோசமான போனு. சரின்னு, எனக்கு வர்ற மெசேஜ் எல்லாத்தையும் நானே அவருக்கு அனுப்பிட்டு இருக்கேன். ஒரு வருசம் பாத்த மனுசன், திடீர்னு நின்னா என்னமோ மாதிரி இருக்குமுல்ல?

ஞாயித்துக்கெழமை ஆனா வந்துருவாரு. சட்டையில பட்டன் தைக்கோணும்னு. எந்தக் கடையில எடுக்கறாரோ, வாரம் தவறாம பட்டன் அறுந்து போகுது. நானும் நல்ல நூலாப் போட்டு, நாலு தடவை சுத்தித்தான் தைச்சுக் கொடுக்கறேன். நிக்க மாட்டேங்குது. தாரணி லீவுக்கு வந்திருந்தப்ப இதைச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சு அவளுக்கு. "அம்மா, நீ தைக்கறதுல ஒரு குறையும் இல்லம்மா"ங்கறா.

போன ஞாயித்துக்கெழமை பட்டன் தைச்சுக் கொடுத்தும் போகாம நின்னாரு. தொண்டையை மூணு தடவை செருமினாரு. அப்பறம், "ஏனுங்க, நாம ரெண்டு பேரும் ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட் ஆரம்பிச்சா என்னங்க?"ன்னாரு.

நான் சொன்னேன், "எதுக்குங்க? அதுக்கு ஒரு மெசேஜ் செலவு எடுப்பாங்க. உங்களுக்கு ஒண்ணு இருக்குது, எனக்கு ஒண்ணு இருக்குது, பத்தாதா?"

"ஒரே கணக்கா இருந்தா ஒரு செலவுதானுங்க. மெசேஜும் ரெண்டு பேருக்கும் வரும்"னாரு. மூஞ்சி எல்லாம் வேர்த்துப் போச்சு. ஃபேனைத் திருப்பி வச்சேன்.

யோசிச்சுப் பாத்தா, அவரு சொல்றதும் சரிதானுங்க. ஆனா அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துறக் கூடாதில்ல? திங்கக்கெழமையே பேங்க் போயி மேனேஜரம்மாகிட்ட, ஜாயின்ட் அக்கவுண்டுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டேன். யாரோடன்னாங்க. சொன்னேன். அந்தம்மா எழுந்து, மேசையைச் சுத்தி வந்து, என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. கண்ணு கலங்கிருச்சுங்க அவங்களுக்கு. புதுசா ஒரு கணக்கு கிடைச்சா பேங்க் மேனேஜருங்களுக்கு அவ்வளவு சந்தோசம், பாத்துக்கங்க. தாரணிகிட்டயும் போன்ல கேட்டேன். யாரோடன்னு கூடக் கேக்காம, "போடும்மா. தயவுசெஞ்சு போடு"ன்னா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நல்லா தெரியும்.

அதான், சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன். போன்ல சொல்ற விசயம் இல்லல்ல இது, கணக்கு வழக்கு சமாச்சாரம். எப்படியும் அவரு சொன்ன லைனிங் துணிக்கு வரத்தானே போறோம், நேர்லயே சொல்லிரலாம்னு.

ஏனுங்க அக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? சிரிக்கறீங்களா, அழுவறீங்களா?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இருங்க, என் பையை எடுத்துக்கறேன். அட! அதோ நிக்கறாரு பாருங்க, டீக்கடைக்கு முன்னாடி, நீலச் சட்டை. அவருதான். நான் பதினோரு மணிக்கு வர்ற வண்டியிலதான் வர்றேன்னு சொல்லியிருந்தேன். என்னமோ சீக்கிரமே எந்திரிச்சுட்டேன், முன்னாடி வண்டியைப் புடிச்சுட்டேன். இப்ப மணி ஒம்பதே முக்கால்தான் ஆகுது. துணிக்கடையே பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. யாரையாவது பஸ் ஏத்திவிட வந்திருப்பாரோ?

இல்ல. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றாரு.

அக்கா, பின்னால சேலை மடிப்பு சரியா இருக்குதுங்களா? தலையில பூ? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, கண்டக்டர் விசில் ஊதறதுக்குள்ள.